கழற்ற மறுத்த சப்பாத்து

பினாங்கில் பல் வைத்தியரைப் பார்க்கப் போனாலும் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். கணக்கர் அலுவலகம், தையல் கடை, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் மாடி அறை என்று எங்கே போனாலும் கதவுக்கு வெளியே ஒரு குவியல் கிடக்கும். யாரும் அதிகாரமாகச் சொல்வதில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லோரும் ஒத்துப்போகிற மிகச் சில விஷயங்களில் இது ஒன்று. நம் ஊரிலும் வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்காலோடுதான் போகிறோம், சில மருத்துவமனைகளிலும் கழற்றச் சொல்வார்கள். ஆனால் கணக்கரிடம் வரி விவரம் கேட்க வெறுங்காலோடு போகும் வழக்கத்தை நான் இங்கேதான் பார்த்தேன். வேலைக்கு வந்த புதிதில் இந்தச் சுத்தத்தைப் பற்றித் திருச்சிக்குப் பெருமையாக எழுதினேன். இப்போது எழுதுவது வேறு. இந்த ஊரின் ஒவ்வொரு வாசலும் என்னை வம்புக்கு இழுக்கிறது. நானும் விடுவதாக இல்லை.

காரணம் என் பாதங்கள். நெடுநாளைய நீரிழிவு அவற்றின் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. கணுக்காலுக்குக் கீழே சூடு, குளிர், குத்தல் எதுவும் எனக்குத் தெரிவதில்லை. கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் மருத்துவக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பும் கீறலை நான் பிடித்துவிடுவேன். ஆனால் என் உள்ளங்காலில் ஒரு கீறல் விழுந்து, சீழ் வைத்து, காலுறையில் கறை தெரிந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அது ஆறுவதற்கு மாதக்கணக்கானது. இன்னொரு முறை வந்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அவர் சொல்லாததை நான் கூட்டிப் பார்த்துக்கொண்டேன். நின்று வேலை செய்ய முடியாதவனுக்கு வேலைப் பர்மிட் புதுப்பிக்க எந்த நிறுவனமும் முன்வராது. விரல் போனால் வேலை போகும். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது. திருச்சியில் மகள் இன்னும் படித்து முடிக்கவில்லை. என் பாதத்தை நான் ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உணர்ச்சி போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது என்று தெரிந்த நாள் மட்டும் தெரியும். அந்தக் கீறலுக்கு முன்பு, அம்மா இறந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். சித்திரை மாதம், நடுப்பகல். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து காவிரிக்கரை மயானத்துக்குப் போனேன். பின்னால் வந்த பங்காளிகள் நிழல் கண்ட இடமெல்லாம் ஓடி ஓடி நின்றார்கள். சித்தப்பா ஒருவர் ஈரத் துண்டைத் தரையில் போட்டு அதன் மேல் நின்றார். நான் மட்டும் நடை மாறாமல் போனேன். "பெத்தவளுக்கு இப்படி ஒரு பிள்ளை வேணும்டா" என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். துக்கத்தில் எனக்குச் சூடு தெரியவில்லை என்று நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து கால் கழுவியபோது மனைவி அலறினாள். உள்ளங்கால் தோல் வெந்து, காலுறை மாதிரி கழன்றிருந்தது. சொந்தக்காரர்கள் அப்போதும் பாராட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு வியாதியைப் பாசம் என்று ஊரே கொண்டாடிய அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இங்கே திரும்பி வந்து, அந்தக் கீறலும் விழுந்து ஆறிய பிறகு, அரசாங்க மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். நூருல் என்று பெயர். நைலான் நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்காததால், "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "முடிந்துவிட்டது, சார்" என்றாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் அவள் சொன்னது ஒவ்வொன்றையும் அன்றே எழுதி வைத்தேன். உடற்பயிற்சியை விடக் கூடாது, ரத்த ஓட்டத்துக்கும் கால் பலத்துக்கும் அதுதான் வழி. ஆனால் குதிக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கலாம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம், நின்ற இடத்துச் சைக்கிள் மிதிக்கலாம். விழாமல் இருப்பதற்கான சமநிலைப் பயிற்சி கட்டாயம். எதைச் செய்தாலும் பாதத்தைச் சுற்றி மூடிய, உள்தையல் உறுத்தாத காலணி வேண்டும். போடும் முன்பு உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும், கழற்றிய பின்பு உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது. "வீட்டுக்குள்ளுமா?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளும்" என்றாள். அவளே அந்த அறைக்குள் வெறும் காலுறையோடுதான் நின்றிருந்தாள்.

நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு சமூக மண்டபம் இருக்கிறது. விடுமுறை நாள் காலைகளில் அங்கே வயதானவர்களுக்கு நாற்காலிப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் லெட்சுமி அக்கா, பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நூருல் சொன்ன பயிற்சிகளில் பாதி அங்கே இருந்தன. இதற்காகவே ஒரு புதுக் காலணி வாங்கினேன். அதைத் தெருவில் போட்டதே இல்லை. துணிப்பையில் கொண்டுபோய், மண்டப வாசலில் உட்கார்ந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இவ்வளவு ஒழுங்காகச் செய்தவனை யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

"அண்ணே, சப்பாத்து வெளிய வைங்க. இப்பத்தான் மோப் போட்டு வச்சிருக்கு" என்றார் லெட்சுமி அக்கா.

புதுசு, வெளியே போட்டதில்லை, எனக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று வரிசையாகச் சொன்னேன்.

"புதுசோ பழசோ, சப்பாத்து சப்பாத்துதானே? இங்க எல்லாருக்கும் கால் வலி, முட்டி வலி. எல்லாரும் கழட்டிட்டுத்தான் வராங்க. ஊர்லேருந்து வந்தவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

ஊர்லேருந்து வந்தவர். எத்தனை வருடம் ஆனாலும் நான் இங்குள்ள தமிழர்களுக்கு அதுதான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர் உரக்கச் சிரித்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் சந்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் காதர். கடையை இப்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். இவர் அந்த வகுப்பின் ராஜா.

"விடுங்கக்கா. நம்ம தரை அவருக்கு ஆகாது போல. அண்ணே, கோயிலுக்கும் சப்பாத்தோடத்தான் போவீங்களா?"

"கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன், பாய்" என்றேன். உண்மைதான். கல்லில் வெறுங்காலோடு ஏறப் பயந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன்.

"பாரேன், சப்பாத்துக்காகச் சாமியவே விட்டுட்டாரு!" என்று அவர் தொடையில் தட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்புறம் இந்தப் பாய் கீய்லாம் உங்க ஊரோட வச்சிக்குங்க. இங்க எல்லாருமே அண்ணன்தான்" என்றார். நான் அன்று முதல் அவரை விடாமல் பாய் என்றே கூப்பிட்டேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் லிம் அடுத்த முறை என்னை ஓரமாக அழைத்துப் போனார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த மலாயும் உடைந்த ஆங்கிலமும். நரம்பு என்றேன், நீரிழிவு என்றேன், காயம் என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் என் தோளைத் தொட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், தன் காலும் நாறத்தான் செய்யும், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காலுக்குப் போடும் பவுடர் டின் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் அதைத் திருப்பிக் கொடுத்ததும் அவர் முகம் மாறியது. மறுவாரம் 'காலணி அணியக் கூடாது' என்று மூன்று மொழிகளில் அச்சடித்த தாளை வாசலிலிருந்து உள்ளே கொண்டுவந்து, என் நாற்காலிக்கு எதிரே இருந்த பலகையில் தலை தட்டையான சின்ன ஆணிகளால் குத்தி வைத்தார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. என் நாற்காலியைக் கதவோரம், அந்தப் பலகைக்கு எதிரிலேயே போட்டு, அதன் கீழே பழைய நாளிதழை விரித்தார்கள். காலணியோடு நாளிதழின் மேல் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினேன். அவமானம்தான். ஆனால் பாதத்துக்கு எது நல்லதோ அது நடந்தது, அதனால் தொடர்ந்து போனேன்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போவார்கள். அங்கே சிமெண்டில் கூழாங்கல் பதித்த ஒரு பாதை உண்டு. இந்த ஊர்ப் பூங்காக்களில் பெரும்பாலும் இப்படி ஒன்று இருக்கும். வெறுங்காலோடு அதில் நடந்தால் உடம்பின் உள்ளுறுப்புகள் எல்லாம் சுத்தமாகும் என்று நம்பிக்கை. எங்கே வலிக்கிறதோ அந்த உறுப்பில் கோளாறு, வலிக்காவிட்டால் ஆரோக்கியம். மற்றவர்கள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி, ஐயோ, அல்லா" என்று முனகியபடி நடப்பார்கள். காதர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடற்கரையில் காற்று வாங்குகிறவர் மாதிரி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவார். கை தட்டுவார்கள். "பாருங்க, இந்த வயசுலயும் காதர் அண்ணனுக்கு ஒரு நோவு இல்ல" என்பார் லெட்சுமி அக்கா. நான் காலணியோடு ஓரத்தில் நிற்பேன். "நீங்களும் வாங்கண்ணே, சப்பாத்துக்குக் கல்லு குத்தாது" என்று காதர் கூப்பிடுவார்.

எனக்கு அந்த நடை தெரியும். சித்திரை வெயிலில் காவிரிக்கரை வரை நான் நடந்த நடை அது. சந்தேகம் வந்ததும் தரப் பரிசோதகன் கண்ணால் அவர் பாதத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கணுக்காலில் ரோமம் உதிர்ந்து தோல் பளபளத்தது. குதிகால் வெடிப்பு ஆழமாக இருந்தது. ஒருநாள் இடது சிலிப்பர் வழியிலேயே கழன்றுவிட, அவர் அது தெரியாமல் கார் நிறுத்தம் வரை போனார். அன்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பாய், உங்களுக்குச் சுகர் இருக்கா?"

"எனக்கு இனிப்பு நீர் இருக்கா இல்லையான்னு என் டாக்டர் சொல்லுவாரு. நீங்க யாரு? வேலைக்கு வந்த ஆளு வேலையப் பாருங்க."

"கல்லு குத்தலைன்னா கால்ல உணர்ச்சி இல்லைன்னு அர்த்தம். எனக்கும் இப்படித்தான்."

"உங்களுக்கு இப்படின்னா எனக்கும் இப்படியா? உங்க வாய்ல நல்லதே வராதா?" என்று கார்க் கதவைச் சாத்தினார். அவரிடம் மேற்கொண்டு பேச எனக்கும் மனமில்லை. என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலை, குதிகால் தூக்கும் பயிற்சியின்போது, தரையில் சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பாதித் தடம், அப்புறம் முழுத்தடம். வெளிர் நிறத் தரையில் அது வாசல் பக்கமிருந்து முன்வரிசை வரை போயிருந்தது. ரத்தம் என்று நான்தான் முதலில் சொன்னேன். லெட்சுமி அக்கா பாட்டை நிறுத்தினார். எல்லோரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். காதர் பார்க்கவில்லை. "யாருக்கோ அடிபட்டிருக்கு, பாருங்கப்பா, பாருங்க" என்று மற்றவர்களை விரட்டிக்கொண்டு அவரே மண்டபத்தில் அங்கும் இங்கும் நடந்தார். நடந்த இடமெல்லாம் சிவப்பு விழுந்தது.

"உட்காருங்க, பாய்" என்றேன்.

காலைத் தூக்கிப் பார்த்தோம். பெருவிரலுக்குக் கீழே அந்தத் தலை தட்டையான ஆணி முழுவதும் ஏறியிருந்தது, சட்டையில் வைத்துத் தைத்த பொத்தான் மாதிரி. என் எதிரே இருந்த பலகையில் காலணி கூடாது என்ற தாள் ஒரு மூலை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவசியம் இருக்கவில்லை, அங்கிள் லிம்மே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதர் தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

இனி காலணி அணியலாம் என்று முடிவெடுப்பார்கள் என எதிர்பார்த்தேன். அடுத்த வாரம் புதுத் தாள் ஒட்டியிருந்தார்கள், இம்முறை ஒட்டுநாடாவால். காலணி கூடாது என்பது அப்படியே இருந்தது. அதன் கீழே, நீரிழிவு உள்ளவர்கள் பயிற்சியில் சேர அனுமதியில்லை என்று ஒரு வரி கூடியிருந்தது. லெட்சுமி அக்கா வாசலை மறித்து நின்றார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, கமிட்டி முடிவு. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். பயிற்சி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தரையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நான் கோபித்துக்கொண்டேன். அந்த மண்டபத்தின் முன்னால் இன்றும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன்.

காதர் காயம் ஆறி வர நெடுநாள் ஆனது. விரல் தப்பியது. ஒருநாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். காலில் என்னுடையது போலவே பெரிய மூடிய காலணி.

"எல்லாம் உங்களாலதான். என்னையும் உள்ள விட மாட்டேங்குறாங்க. நான் கட்டிக் காத்த வகுப்பு அது" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வாசலில் பாதி குனிந்து காலணி வாருக்குக் கை நீட்டியவர் அப்படியே நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்குள்ள சப்பாத்தோட வரலாமில்ல?"

"வரலாம்."

வந்தார். அவரையும் நூருலிடம்தான் அனுப்பியிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சிகளில் பாதி மறந்துவிட்டது, மண்டபத்துக் கதையைக் கேட்டதும், என்னிடம் எழுதி இருக்கும் என்று அவளே சொல்லி அனுப்பினாளாம்.

இப்போது விடுமுறை நாள் காலைகளில், கடை திறக்கும் முன், அவருடைய சந்தில் கடைக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதையில் பயிற்சி செய்கிறோம். கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகள் எங்களுக்குப் போதும். நட்பு என்று நினைக்க வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் சம்பளத்தைக் கெடுக்கிறார்கள் என்பார் அவர். இங்குள்ளவர்களுக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் தமிழ் வராது என்பேன் நான். கால் நீட்டி மடக்கி முடிப்பதற்குள் இரண்டு நாட்டையும் திட்டி முடித்துவிடுவோம். அதன் பிறகு வருவது எங்கள் இருவருக்குமே சங்கடமான வேலை. காலணியைக் கழற்றி, உள்ளங்காலை மற்றவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அவருக்கு வயிறு இடிக்கிறது, குனிந்து பார்க்க முடியாது. எனக்குக் காலை அவ்வளவு தூரம் திருப்ப வராது, குதிகால் பக்கம் கண்ணுக்கு எட்டாது. பெரியவர்கள் பக்கம் கால் நீட்டினாலே அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். இருந்தாலும் நீட்டுகிறோம். "ஒன்னுமில்ல" என்பார். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்பேன். "பாத்துட்டேன் லா. உங்க காலு என்ன மாணிக்கக் கல்லா?" என்பார்.

கடைசியாகச் சமநிலைப் பயிற்சி. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகுக்கு மேலே கையைத் தொடாமல் வைத்துக்கொண்டு, கண்ணை மூட வேண்டும். உணர்ச்சியுள்ள கால் கண் உதவி இல்லாமலே தரையை அறியும். எங்கள் கால்களுக்கு அது தெரியாது. அதனால் ஒருவர் மூடும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது நூருலின் கண்டிப்பு. போன வாரம் என் முறை.

"மூடுங்க, நான் இருக்கேன்" என்றார் காதர்.

மூடினேன். கீழே எதுவும் இல்லை. காலுக்கடியில் இருப்பது பினாங்குச் சிமெண்டா, திருச்சி மண்ணா என்று கேட்டால் சத்தியமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

"சாயுறீங்க."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். கடல் பக்கம்." பிறகு சிரிப்பு. "என்ன, ஊருக்குக் கெளம்பிட்டீங்களா?"

எனக்குத் திசை தெரியும். அந்தப் பக்கம் போனால் படகுத்துறை, அக்கரையில் மலேசியப் பெருநிலம், அங்கே என் தொழிற்சாலை. ஊர் இருப்பது அதற்கு நேர் எதிரே, மலைக்குப் பின்னால், வேறொரு கடலைத் தாண்டி.

"அது உங்க நாட்டுப் பக்கம், பாய்" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"அப்ப ஏன் இங்க சாயுறீங்க? நேரா நில்லுங்க."

நாற்காலியைத் தொடாமல், நேர் என்று எனக்குத் தோன்றிய பக்கமாக உடம்பைத் திருத்திக்கொண்டேன். இந்த முறை சரியாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"இப்ப அந்தப் பக்கம் சாயுறீங்க" என்றார்.